தார் முடியும் இடம்

சிவப்பு வீடு, லோசா கணவாய்ச் சாலை
பொந்தால்தோ
11 மே 1958

அன்புள்ள ஒரேஸ்தே அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், ஆட்டுக்கு மட்டும் சளி. மிலானில் உனக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதினாய், வரவில்லை. ஈஸ்டருக்கு எழுதவே இல்லை. நான் குறை சொல்லவில்லை, அம்மா எழுதச் சொன்னதை எழுதுகிறேன்.

பெரிய செய்தி ஒன்று. நீ ஓட்டப்போகும் சைக்கிள் பந்தயத்தின் பாதை செய்தித்தாளில் வந்துவிட்டது. புகையிலைக் கடையில் தாத்தாக்களுக்கு நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். நாலாம் நாள் நம் பள்ளத்தாக்கில் ஏறி, லோசா கணவாயைத் தாண்டி, பிரான்சுக்குள் இறங்குகிறது. அதாவது நம் வீட்டு வாசல் வழியாக! கடைக்காரர் பத்தீஸ்தா மேஜையைத் தட்டி, "உங்கப்பன் பெருக்குற ரோட்டுல உங்கண்ணன் ஓட்டப் போறான். கல்லு ஏதாச்சும் கெடந்துச்சு, வீட்டுக்குள்ள சண்டதான்" என்றார். அப்பா ஜூனில் எடுக்கிற பெரிய துடைப்பத்தை மறுநாளே எடுத்துவிட்டார்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எம்புள்ள நிப்பானா, நிக்காம போயிடுவானா?"

நான் அவளுக்கு விளக்கினேன். பந்தயம் ஒருவனுடைய ஊர் வழியாகப் போகும்போது, மற்றவர்கள் வேகத்தைக் குறைத்து அவனை முன்னால் விடுவார்கள். அவன் இறங்கி வீட்டாரைக் கட்டிக்கொள்வான். கூட்டம் வந்து சேர்ந்ததும் அதோடு கலந்துகொள்வான். இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள். எழுதப்படாத ஒன்றை இத்தனை பேர் கடைப்பிடிப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

"எவ்வளவு நேரம் நிப்பான்?" என்றாள் அம்மா.

"ஒரு துண்டு கேக் சாப்பிடுற நேரம்."

"அது போதும்" என்றாள்.

இடுப்பு உடைந்ததிலிருந்து அவளால் பஸ் ஏற முடியாது என்பது உனக்குத் தெரியும். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதனால்தான் அப்படிக் கேட்டாள்.

கணவாயில் இன்னும் என் உயரத்துக்குப் பனி. மேய்ப்பர் குடிசை வரை மட்டும் அப்பா வழி திறந்திருக்கிறார்.

உன் அன்புத் தங்கை,
எர்சீலியா

*

மிலான்
22 மே 1958

என் புத்தகப் புழுவே,

உன் கடிதத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஆட்டுக்குச் சளி என்றதும் சிரித்தார்கள். நான் நன்றாக இருக்கிறேன். தினமும் விடியற்காலையில் ஏரி வரை ஓட்டிப் போய் வருகிறேன். இந்தப் பந்தயத்தில் ஒரு நாளாவது முதலாவதாக வந்தால் பெரிய அணி என்னை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் இலையுதிர் காலத்தில் என் ஓட்டமெல்லாம் இந்தப் பட்டறையோடு முடிந்துவிடும்.

கட்டாயம் நிற்கிறேன். ஆனால் பாதிரியார் தேவாலயத்துக்கு முன்னால் பந்தல், வாத்தியம் என்று ஆரம்பிப்பார். அது வேண்டாம். அம்மா நம் வீட்டு வாசலிலேயே நிற்கட்டும், தார் முடிகிற இடத்தில்.

நீ கண் உள்ளவள். எல்லாவற்றையும் எனக்கு எழுது. தார் இன்னும் வாசலோடுதான் முடிகிறதா? அதற்கு மேல் சரளை எப்படி இருக்கிறது? எந்தப் பக்கமாக ஓட்டினால் சக்கரம் புதையாது? பாலத்திலிருந்து வருகிறவனுக்கு நம் வீடு எப்போது கண்ணில் படும்? இரவில் வீட்டு நினைவு வந்தால் இவையெல்லாம்தான் எனக்குள் ஓடுகின்றன.

அன்புடன்,
ஒரேஸ்தே

*

பொந்தால்தோ
2 ஜூன் 1958

அன்புள்ள அண்ணா,

உனக்கு வீட்டு நினைவு வருகிறது என்று படித்ததும் அம்மா கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாதது அன்று எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் பாலத்திலிருந்து மேய்ப்பர் குடிசை வரை நடந்து பார்த்தேன். தார் நம் வாசற்படியோடு முடிகிறது. அதற்கு மேல் போன மாதம் கொட்டிய புதுச் சரளை, கணுக்கால் வரை புதைகிறது. ஆனால் மலைப்பக்கமாக ஒரு முழ அகலத்துக்கு வண்டிச் சக்கரங்கள் அழுத்தி அழுத்தி ஒரு தடம் கெட்டியாகியிருக்கிறது. அதில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். பின்னால் வருகிறவர் முந்த நினைத்தால் சரளையில் மாட்டிக்கொள்வார். மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வரை இப்படித்தான். ஆகவே நீ திரும்ப ஏறும்போது அந்தத் தடத்தைப் பிடித்துக்கொள்.

பாலத்திலிருந்து வருகிறவருக்குப் பாறைத் திருப்பம் தாண்டும் வரை நம் வீடு தெரியாது. நீ வீட்டு வாசலைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் எனக்குப் புரிந்துவிட்டது அண்ணா. அம்மாவைக் கட்டிக்கொள்ளும்போது நீ அழுதால்கூட மற்றவர்கள் பார்க்க முடியாது. இதை அம்மாவிடமும் சொன்னேன். "அவன் சின்னதுலேருந்தே அப்படித்தான், அழுவுறதுக்குக் கதவு பின்னாடி போவான்" என்றாள்.

பாதிரியாருக்குத்தான் கோபம். "கோயில விட ரோட்டுக்காரன் வீடு பெருசாப் போச்சோ?" என்றார். அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "இல்ல சாமி. ஆனா கோயிலுக்கு முன்னாடி ரோடு குண்டும் குழியுமா இருக்கு. நான் மூணு தடவ சொன்னேன், நீங்கதான் திருவிழா முடியட்டும்னீங்க" என்றார்.

அம்மா கேக்குக்குக் கஷ்கொட்டை மாவு எடுத்து வைத்துவிட்டாள். தினமும் சாயங்காலம் கம்பு இல்லாமல் நிற்கப் பழகுகிறாள். "கம்ப வெச்சிக்கிட்டு எப்படிடி ரெண்டு கையாலயும் புடிக்கிறது?" என்கிறாள். சுவரைப் பிடிக்காமல் ஒரு ஜெபம் சொல்லி முடிக்கிற வரை நிற்கிறாள்.

கணவாய் திறந்துவிட்டது. உச்சியில் சாலைக்கு இருபுறமும் பனிச் சுவர், நடுவில் உன் அளவுக்கு வழி.

உன் அன்புத் தங்கை,
எர்சீலியா

*

15 ஜூன் 1958

எர்சீலியா,

நாளை பந்தயம் தொடங்குகிறது. அவசரமாக எழுதுகிறேன். உன் கடிதம் தங்கம். மனப்பாடமே செய்துவிட்டேன்.

வினீச்சியோவிடம் பேசினேன். போன வருஷம் ஜெயித்தவன், கூட்டம் முழுக்க அவன் சொல்லைக் கேட்கும். "உங்கம்மாவப் பாக்கறதுக்கு என்கிட்ட எதுக்குடா கையக் கட்டிட்டு நிக்கிற? போயிட்டு வா. பாலத்துலேருந்து நாங்க பேசிக்கிட்டே மெதுவா வர்றோம்" என்றான். அவனுக்கு அம்மா இல்லை.

வியாழன் பகல் வருவேன். கேக்கில் பெரிய துண்டு எனக்கு. அப்பாவை அந்தத் தடத்தை நன்றாகப் பெருக்கி வைக்கச் சொல்.

ஒரேஸ்தே

*

பொந்தால்தோ
29 ஜூன் 1958

ஒரேஸ்தேவுக்கு,

நீ அனுப்பிய பொட்டலம் வந்தது. வெற்றிப் பட்டையும் 'அம்மாவுக்கு' என்று எழுதிய சீட்டும் இருந்தன. அம்மா பட்டையை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறாள். நீ வரும்போது கேட்பாயாம்.

அன்று நடந்தது உனக்குத் தெரியாது. நீ பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மா நீல உடை உடுத்தியிருந்தாள். கம்பைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைக்கச் சொன்னாள். கேக் தட்டு என் கையில் இருந்தது. அப்பா எதிர்ப்பக்கம் துடைப்பத்தோடு நின்றார், தொப்பி கையில். விடிந்ததிலிருந்து அந்தத் தடத்தைப் பெருக்கியிருந்தார்.

பாறைத் திருப்பத்தில் நீ தனியாக வந்தாய். அம்மா இரண்டு கைகளையும் நீட்டினாள். பிறகு எழுதி வைக்கலாம் என்று நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அம்மாவைப் பார்க்கவில்லை, தடத்தைப் பார்த்தாய். பெடலில் எழுந்து நின்று மிதித்தாய். உன் தோள் தட்டில் உரசியது. "ஒரேஸ்தே" என்று அம்மா ஒரு தடவைதான் கூப்பிட்டாள், வீட்டுக்குள் கூப்பிடுகிற குரலில். அதற்குள் உன் முதுகுதான் தெரிந்தது.

"பிரேக்கு புடிக்கலியோ என்னவோ" என்றாள்.

"மேட்டுல ஏறுறவனுக்கு எதுக்குடி பிரேக்கு" என்றார் அப்பா.

பிறகு கூட்டம் வந்தது. சொன்னபடியே மெதுவாக, பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். முன்னால் வந்தவர் எங்களைப் பார்த்துக் கையை அசைத்து, "எங்கம்மா உங்க மகாராசா? சாப்பிட்டு முடிச்சாச்சா?" என்றார்.

"மேல போயிட்டான் தம்பி" என்று அம்மா கேக் வெட்டும் கத்தியால் சாலையைக் காட்டினாள்.

அவர்களுடைய முகங்கள் மாறியதை நான் பார்த்தேன். ஒருவர் உன்னைச் சொன்ன வார்த்தையை நான் எழுத மாட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த ஒரு முழத் தடத்துக்குள் புகப் பார்த்தார்கள். இரண்டு பேர் சரளையில் விழுந்தார்கள், ஒருவருக்கு முழங்கை கிழிந்தது. முன்னால் வந்தவர் மட்டும் போகவில்லை. காலை ஊன்றி நின்று தொப்பியைக் கழற்றினார். அவர்தான் வினீச்சியோ.

"ஒரு துண்டு குடுங்கம்மா."

"நீ தோத்துடுவியேப்பா."

"தோத்தாச்சும்மா. எல்லார்கிட்டயும் அவனுக்காகப் பேசுனதே நாந்தான்." ஒரு வாய் மென்றார். "கேக் நல்லா இருக்கு."

கம்பு உள்ளே இருந்ததால் அம்மா அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தின்று முடிக்கிற வரை அசையாமல் நின்றார்.

மறுநாள் புகையிலைக் கடையில் என்னைப் படிக்கச் சொன்னார்கள். உன் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. 'துணிச்சலான தனித் தாக்குதல்' என்று போட்டிருந்தார்கள். அந்த வரியோடு பத்தீஸ்தா, "போதும்மா. வானிலை படி" என்றார்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை மறுபடி எடுத்தேன். நான் நிறையப் படிக்கிறவள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உன் கடிதங்களைச் சரியாகப் படிக்கவில்லை. தார், சரளை, தடம், திருப்பம் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாய். அம்மாவின் இடுப்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை.

"அந்தத் தடத்த எவன் இவனுக்குச் சொன்னது?" என்று அப்பா அன்றைக்குக் கேட்டார்.

"நாந்தாம்பா. கடுதாசில எழுதுனேன்."

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "நீ வீட்டுக்கு வழி சொன்னே. அதுல தப்பு ஒண்ணுமில்ல" என்றார். அதற்குப் பிறகு உன் பெயரை அவர் சொல்லி நான் கேட்கவில்லை.

அம்மா எழுதச் சொன்னவை: உச்சியில் குளிர் அதிகமாக இருந்ததா? இறங்கும்போது குளிர்காற்றுக்கு நெஞ்சில் செய்தித்தாள் வைத்துக்கொண்டாயா? பெரிய அணியில் வயிறாரச் சாப்பாடு போடுகிறார்களா? அடுத்த வருஷமும் பந்தயம் இந்த வழியாகவே வருமா? எழுதிவிட்டேன். அவள் பங்கு அவ்வளவுதான். நீ பதில் போட்டால் அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

என் பங்குக்கு ஒன்று. முந்தாநாள் பெய்த மழையில் மேலே ஒரு வளைவு சரிந்துவிட்டது. அப்பா கல் அடுக்கிக்கொண்டிருக்கிறார். எந்த வளைவு என்று எழுத மாட்டேன்.

எர்சீலியா