மணக்கவில்லை என்று சிசிலி சொன்ன போத்தல்

சேசு மரி சூசை

மொன்றியல்
சனிக்கிழமை, ஆகஸ்ட் 23

அன்புள்ள மகன் நிஷானுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் நானும் அப்பாவும் இப்போது சுகமாக இருக்கிறோம். எட்மன்டனில் நீயும் அப்படியே இருக்கவேண்டுமென்று ஒவ்வொரு நாளும் செபமாலையில் ஒரு மணியை உனக்கென்று வைத்திருக்கிறேன். 'இப்போது' என்ற சொல்லை நான் சும்மா போடவில்லை, அதற்குக் கீழே வருகிறேன். போனில் கதைக்கலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் கதைத்தால் அப்பா பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டுவார், நானும் மழுப்பிவிடுவேன். ஞாயிறு வகுப்பில் நீ அழுது அழுது படித்த தமிழ் இதற்காவது உதவட்டும், அவசரப்படாமல் எழுத்துக்கூட்டி வாசி.

போன கிழமை கதைக்கும்போது, வேலைக்குக் கொண்டுபோகிற பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் ஒரு மாதிரி இருக்கிறது, அதைக் குப்பையில் போட்டுவிட்டுக் கடையில் தண்ணீர் வாங்கப்போகிறேன் என்றாய். போடாதே. முதலில் மூடியைப் பார். அதற்குள் ஒரு றப்பர் வளையம் இருக்கும், கரண்டிக் காம்பால் மெதுவாக நெம்பினால் கழன்று வரும். அதன் கீழே கறுப்பாக வழுவழுவென்று ஏதாவது இருந்தால் அருவருக்காதே, அநேகமாக நாற்றம் அங்கேதான் குடியிருக்கும். மூடியையும் வளையத்தையும் சவர்க்காரம் போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய். பிறகு போத்தலில் இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடா போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரை விளிம்பு மட்டும் விட்டு, மூடாமல் மறுநாள் வரை ஊறவிடு. கொதிதண்ணீர் கூடாது, பிளாஸ்டிக் நெளிந்துவிடும். மறுநாள் அதை ஊற்றிக் கழுவிவிட்டு, வெள்ளை வினாகிரி ஒரு பங்குக்குத் தண்ணீர் நாலு பங்கு விட்டு ஒரு மணித்தியாலம் வை. சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாக விட்டு மூடினால் பொங்கி மூடி முகத்தில் அடிக்கும், உன்னைத் தெரிந்தபடியால் இதை எழுதுகிறேன். கடைசியில் நன்றாக அலசி, கவிழ்த்து, ஈரம் ஒரு சொட்டும் இல்லாமல் காயவிடு. ஈரத்தோடு மூடிவைப்பதும், வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் போட்டுவைப்பதும்தான் மணத்தைப் பிடிக்கவைக்கிறது. இவ்வளவும் செய்தும் போகாவிட்டால், உள்ளே கீறல் விழுந்திருந்தால், அப்போது எறி.

இந்த வித்தையெல்லாம் எனக்கு ஒரு மாதத்துக்கு முன் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திராது. உன்னிடம் நான் ஒன்றை நாலு வருடமாக மறைத்துவிட்டேன், கோபப்படாமல் கேள். கொரோனா வந்து போனபோது என் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் மாறியது, இருமல் மாறியது, மணம் திரும்பி வரவேயில்லை. பொறுத்திருக்கச் சொன்னார் டொக்டர், இன்னும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். உப்பு, புளி, உறைப்பு நாக்குக்குத் தெரியும், மற்றதெல்லாம் வெறும் சூடும் குளிரும். அப்பாவுக்குத் தெரியும். உனக்குச் சொல்லாததற்குக் காரணம் வீம்புதான், அம்மாவின் சமையல் போய்விட்டது என்று நீ நினைத்துவிடக்கூடாது என்ற வீம்பு. போன நத்தாருக்கு வந்து நின்றபோது நான் பொரித்த கொக்கிஸ் பலகாரப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்துவிட்டு வயிறு சரியில்லை என்றாயே, அந்த எண்ணெய் பழசா மகன்? இப்போதுதான் எனக்கு யோசனை வருகிறது.

எங்கள் மேல்வீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு முன் திருச்சியிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள், சிசிலி என்று பெயர். எங்கள் தமிழ்ப் பூசைக்குத்தான் அவளும் புருசனும் வருவார்கள். தங்கமான பிள்ளை. அவளிடம் மட்டும் விசயத்தைச் சொன்னேன், அன்றிலிருந்து எனக்கு மூக்கு மேல்மாடியில் இருக்கிறது. பால், மீன், மிச்சக் கறி என்று எல்லாம் படியேறி அவளிடம் போய் வரும். பழுதோ பிள்ளை என்று கேட்பேன், ஓகே ஆன்ட்டி என்பாள், இல்லாவிட்டால் கொட்டிடுங்க ஆன்ட்டி என்பாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அப்பாவின் நீலப் போத்தல் உனக்குத் தெரியும், அவர் வேலை செய்கிற களஞ்சியத்தில் பத்து வருடம் முடித்ததற்குக் கொடுத்தது. ஜூன் வெயில் தொடங்கியபோது, பாவம் துறைமுகப் பக்கம் அனல் அடிக்குமே என்று, அதில் ஒரு கிழமை வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப்போட்டு மோர் விட்டுக் கொடுத்தேன். பிறகு வழக்கம்போலத் தண்ணீர். ஒவ்வொரு நாளும் சவர்க்காரம் போட்டுத்தான் கழுவினேன், ஆனால் மூடிக்குள் ஒரு வளையம் இருப்பதும் அது கழலும் என்பதும் எனக்கு எங்கே தெரியும்? ஜூலை தொடக்கத்தில் ஒரு நாள் அப்பா தயங்கித் தயங்கி, புதுப் போத்தில் ஒண்டு வாங்குவமே அல்போன்சு என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சந்தேகம் வந்து போத்தலைச் சிசிலியிடம் கொண்டுபோனேன். இது மணக்குதோ எண்டு ஒருக்காப் பார் பிள்ளை என்று கேட்டேன். அவள் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் யோசித்து, இல்ல ஆன்ட்டி, மணக்கலையே என்றாள். நான் நிம்மதியாக இறங்கி வந்து அப்பாவுக்கு ஒரு பிரசங்கமே வைத்தேன். பார்த்திட்டன், ஒரு மணமும் இல்லை, நல்ல போத்திலை எறிஞ்சு புதுசு வாங்கிற ஆசையை விடுங்கோ என்றேன். அவர் சரி என்றுவிட்டுப் போனார். சிசிலியிடம் கேட்டதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஜூலை கடைசியில் அந்தப் பெரிய வெக்கை அடித்ததல்லவா, அந்த வியாழக்கிழமை களஞ்சியத்தில் சாமான் தூக்கும் வண்டியிலிருந்து இறங்கி இரண்டு அடி வைத்த அப்பா அப்படியே சரிந்துவிட்டார். கூட வேலை செய்கிற செபஸ்தியாம்பிள்ளைதான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் எனக்குப் போன் அடித்தார். உடம்பில் தண்ணீரே இல்லை, சிறுநீரகம் களைத்துப்போயிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். சேலைன் ஏற்றி மூன்று நாள் வைத்திருந்தார்கள். நீ பயந்து ஓடி வருவாய் என்று அப்பா உனக்குச் சொல்லவிடவில்லை. நான் ஒவ்வொரு நாளும் தண்ணீர் கொடுத்துவிடுகிறேனே, இது எப்படி வந்தது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் செபஸ்தியாம்பிள்ளை சொன்னார். அக்கா, அண்ணை அந்தத் தண்ணியைக் குடிக்கிறேல்லை, நாத்தம் தாங்கேலாதெண்டு ஒவ்வொரு நாளும் வேலை முடியச் சிங்குக்கை ஊத்திப்போட்டுத்தான் வீட்டை வாறவர். சிங்கும் குழாயும் அங்காலை மற்றக் கரையிலை, வேலை நேரத்திலை போய்வரேலாது. உங்களுக்குத் தெரியாதோ என்று என்னையே கேட்டார்.

உள்ளே போய் ஏன் சொல்லேல்லை என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, மணம் இல்லையெண்டு நீ சொல்லேக்கை, உனக்கு மூக்கு இல்லை எண்டு நான் என்ரை வாயாலை எப்பிடிச் சொல்லுறது என்றார். அந்த இடத்திலேயே அழுதேன் நிஷான், பக்கத்துக் கட்டில்காரர் பார்த்ததையும் கவனிக்காமல் அழுதேன். என் மனம் நோகக்கூடாதென்று ஒரு மனுசன் மூன்று கிழமை வெக்கைக்குள் தொண்டை காய்ந்து நின்றிருக்கிறார். இந்த அன்பை வைத்து நான் என்ன செய்ய?

வீட்டுக்கு வந்ததும் சிசிலியிடம் போனேன், சண்டைக்குத்தான் போனேன். அவள் பயந்துபோய், நீங்க மணக்குதான்னுதானே ஆன்ட்டி கேட்டீங்க, ஏதோ வாசனை போட்டுக் கழுவியிருக்கீங்கன்னு நெனச்சேன், அதான் மணக்கலைன்னு சொன்னேன், நாறுதுன்னு உங்க முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்களுக்கு மணக்கிறது என்றால் மல்லிகைப்பூ. எங்களுக்கு மணக்கிறது என்றால் உன் சப்பாத்துக்குள் கிடக்கும் காலுறை. மணக்குதோ என்று நான் நாற்றத்தைக் கேட்க, மணக்கவில்லை என்று அவள் வாசனையைச் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேருமாகக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் பிறகு சிரித்தோம். அந்த அப்பச்சோடாவும் வினாகிரியும் அவள் தேடிப் பார்த்துச் சொன்னதுதான், மூலைக்கடை டெபனரில் சோடா வாங்கி வந்ததும் அவள்தான். கழுவி முடிந்ததும் நாறுதோ என்று இந்த முறை சரியான சொல்லில் கேட்டேன், இல்லை என்றாள். அப்பாவின் இரத்தப் பரிசோதனை செவ்வாய்க்கிழமை திரும்ப வந்தது, எல்லாம் நல்லபடி. திங்கள் வேலைக்குப் போகிறார். மடு மாதா திருநாள் பூசையில் எலிசா மாமி உன்னை விசாரித்தா, கலியாணம் எப்போது என்றும் கேட்டா, எனக்கும் தெரியாது என்று சொன்னேன்.

பார்சலில் மல்லியும் சேர்த்து வறுத்த மிளகாய்த்தூள் இரண்டு கிலோ வைத்திருக்கிறேன். சிசிலி ரொறன்ரோவுக்குப் போய்விட்டாள், அதனால் நிறத்தைப் பார்த்தும் கொத்தமல்லி வெடிக்கிற சத்தத்தைக் கேட்டும்தான் வறுத்தேன். புகைக்கு அலாரம் அடிக்காமல் அதற்குக் குளிக்கிற தொப்பியைப் போட்டுவிட்டேன். எப்படி என்று அப்பாவிடம் கேட்டால் நல்லாயிருக்கு என்கிறார். அவர் சொல்வதை நான் இனி எப்படி நம்ப? உனக்கும் அவருடைய குணம்தான், ஆனாலும் கேட்கிறேன். பெட்டியைத் திறந்ததும் மூக்கை வைத்துப் பார்த்து உள்ளதைச் சொல்.

திங்கட்கிழமை. மேலே உள்ளதை எழுதி முடித்து, எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார். பிறகு குசினிக்கு வந்து கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அல்போன்சு, தூள் கருகிப்போச்சு, மல்லி நல்லாத் தீஞ்சிட்டுது என்றார். கலியாணம் கட்டி முப்பத்தெட்டு வருடத்தில் என் சமையலில் அவர் சொன்ன முதல் குறை. பிறகு இரண்டு கிலோவையும் கொட்டிவிட்டேன். நேற்றுப் பூசை முடிந்து வந்து திரும்ப வறுத்தோம். நான் கிளற, அவர் சட்டிக்கு மேலே குனிந்து தும்மித் தும்மிப் பொறு, பொறு என்று சொல்லிக்கொண்டு நின்றார், காணும் இறக்கு என்றதும் இறக்கினேன். பார்சல் இரண்டு நாள் பிந்தியது அதனால்தான்.

இன்று காலையில் நீலப் போத்தலோடு வேலைக்குப் போனார். மத்தியானம் போன் அடித்து, முழுக்கக் குடிச்சு முடிச்சிட்டன், ஆனா வினாகிரி இன்னும் கொஞ்சம் மணக்குது, பின்னேரம் இன்னொருக்கா வடிவா அலசு என்றார். சரியப்பா என்றேன். போனை வைத்துவிட்டு, இது அவர் வாய்திறந்து சொன்ன இரண்டாவது குறை என்று சந்தோசத்தோடு எண்ணிக்கொண்டேன்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். றப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவ மறக்காதே. கொக்கிஸ் பற்றிக் கேட்டதற்குப் பதில் வேண்டும், உண்மைப் பதில்.

உன் அன்பு அம்மா,
பத்திநாதர் அல்போன்சம்மா