கணக்குத் தீராத முற்றம்

மார்ச் 9, திங்கள்

கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டே இருக்கிறது. பனி வாரும் வண்டி முற்றத்தில் தள்ளிக் குவித்தது பாதியாகிவிட்டது. ஓரமெல்லாம் கறுத்து, கருகிய ரொட்டி மாதிரி. நடுக்க நோய் வந்த பிறகு என் மனைவி யோருனுக்குச் சட்டைப் பொத்தான் போடுவதும் என் வேலை; போட்டு முடிப்பதற்குள் என் காப்பி ஆறிவிட்டது. சுடவைத்தேன். மறுபடி ஆறியது.

ஹேகே வந்து அவளைக் குளிக்கவைத்தாள். நகராட்சி அனுப்பும் பெண். கையில் ஒரு சின்னக் கணினித் திரை வைத்திருக்கிறாள். குளியலுக்கு இத்தனை நிமிடம், மாத்திரைக்கு இத்தனை என்று அது சொல்லும். “யோருன் ஏதோ சொல்ல ஆரம்பிச்சாங்க. பாதியில விட்டுட்டு வந்துட்டேன். நீங்க கேட்டு வெச்சுக்கோங்க, நாளைக்கு எனக்குச் சொல்லுங்க” என்று காலணியை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

கேட்டேன். யோருனுக்கு மறந்துபோயிருந்தது.

மார்ச் 12

வானொலியிலிருந்து கூப்பிட்டார்கள். பொருளாதாரமும் இன்றைய சமூகமும் என்று ஏதோ நிகழ்ச்சியாம், தத்துவப் பேராசிரியர் யோருன் பேச முடியுமா என்றார்கள். அவள் குரல் இப்போது அடுத்த நாற்காலி வரைதான் போகிறது. தொலைபேசியை என் பக்கம் தள்ளினாள். “நீ சொல்லு. நாப்பது வருஷமா கேட்டுட்டுத்தானே இருக்கே.”

பள்ளிக்கூட வாத்தியாருக்குத் தத்துவமாகச் சொல்ல வராது, உதாரணமாகத்தான் வரும். கடையில் முடி வெட்டிக்கொண்டு காசைக் கொடுத்தால் எழுந்து போய்விடலாம் என்றேன். வெட்டியவரின் பெயர்கூடத் தெரிய வேண்டாம். அதையே என் அண்ணன் வெட்டினால் போக முடியாது. காப்பி குடிக்க வேண்டும், அவன் முதுகுவலியைக் கேட்க வேண்டும், இலையுதிர்காலத்தில் அவன் படகைக் கரையேற்ற ஒரு கை கொடுக்க வேண்டும். காசு கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடுகிறது, ஆளும் தீர்ந்துபோகிறான். அண்ணனிடம் கணக்கு எப்போதும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அந்த மிச்சம்தான் இரண்டு பேரைக் கட்டிவைத்திருக்கிறது. யாருக்கும் எந்த மிச்சமும் வைக்காமல் வாழும் வசதியை நம் காலம் எல்லோருக்கும் கொடுத்துவிட்டது. நாம் அதை விடுதலை என்கிறோம். அதன் இன்னொரு பெயரைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தனியாக உட்காரும்போதுதான் தெரிந்துகொள்கிறோம் என்பது யோருனின் கட்சி.

தொலைபேசியை வைத்த பிறகு யோருனைப் பார்த்தேன்.

“பரவாயில்ல” என்றாள். “உங்க அண்ணன் கண்றாவியா வெட்டுவான்கிறத மட்டும் விட்டுட்டே.”

மார்ச் 17

குளியலறையில் சரிந்துவிட்டாள். தூக்கப் போனேன், இடுப்பில் எதுவோ பிடித்துக்கொண்டது. அப்படியே நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை, இருவராலும்.

தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, நல்லவேளை, சூடாக இருந்தது. “சுவரைத் தட்டட்டுமா? வெங்கே வீட்டுல இருப்பா” என்றேன். வெங்கே பக்கத்து வீட்டுக்காரி; பல் மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

“வேண்டாம்.”

“அவளுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல.”

“அதான் வேண்டாங்கிறேன். ஹேகே வருவா.”

ஹேகே வரும்வரை உட்கார்ந்திருந்தோம். வரி கட்டியிருக்கிறோம், ஹேகே வரலாம். வெங்கே வரக்கூடாது. இதைப் புரிந்துகொள்ள எனக்குக் களைப்பில்லாத ஒரு மூளை வேண்டும்.

மார்ச் 20

சுவர் வழியாக எல்லாம் கேட்டிருக்கிறது. வெங்கே மீன் சூப்போடு வந்து நின்றாள், பெரிய நீலப் பானையில். கேரட், கிரீம், நிறைய வெந்தயக்கீரை, அவள் வைக்கிற மாதிரி. “செவ்வாய், வெள்ளி சாயங்காலம் எனக்கு வேலை எதுவுமில்ல. நான் யோருன்கூட உட்கார்ந்திருக்கேன், நீங்க போய்ப் படுங்க ஒட்வார். மூஞ்சியப் பாருங்க, வேகவெச்ச மீன் மாதிரி இருக்கு.”

உள்ளேயிருந்து யோருன் மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொன்னாள்: “நன்றி வெங்கே. நாங்க சமாளிச்சுக்கிறோம்.”

சூப் நன்றாக இருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மார்ச் 21, சனி

பானையைச் சும்மா திருப்பித் தரக்கூடாதாம், யோருன் சொல்கிறாள். மதுக்கடையை மூடுவதற்குள் பேருந்து பிடித்துப் போய், அவள் சொன்ன வெள்ளை ஒயினை வாங்கி வந்தேன். இடுப்பு வலியோடு. பானைக்குள் வைத்து வெங்கே வீட்டு மணியை அடித்தேன்.

வெங்கே பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். “ஓ. என் சூப்புக்கு விலை போட்டாச்சா?”

“இல்ல வெங்கே, யோருன் சும்மா…”

“நல்ல விலைதான். கட்டுப்படியாகுது.” கதவைச் சாத்தவில்லை. நானே திரும்பி வந்தேன்.

வந்து சொன்னேன். யோருன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “மிச்சம் இருக்கணும், மிச்சம்தான் ஒட்டவைக்கும்னு நீதானே எழுதினே. புத்தகம் அந்த அலமாரியிலதான் இருக்கு. எடுத்துக் காட்டட்டுமா?”

“எழுதினது நடுங்காத கை, ஒட்வார்.”



ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

ஈஸ்டர் விடுமுறைக்கு எல்லா வீட்டாரும் மலைக்குடிலுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் பால்கனியில் போர்வை சுற்றிக்கொண்டு ஆரஞ்சு உரித்தோம். ஹேகே விடுப்பு; வந்த ஆளுக்கு யோருனின் பெயர் சரியாக வாயில் வரவில்லை.

ஏப்ரல் 14

நகராட்சியிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். முதியோர் இல்லத்தில் ஓர் அறை காலியாகிறது. மே பதினேழுக்குள் சொல்ல வேண்டும். “உங்களால தனியா இன்னும் எத்தனை நாள் முடியும்?” என்று என்னைத்தான் கேட்டார். முடியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன், கொட்டாவி வந்தது. அவர் அதைக் குறித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

“நான் போறேன்” என்றாள் யோருன்.

அவர் போன பிறகு கேட்டேன், நிஜமாகவா என்று.

“அங்க எல்லாரும் சம்பளத்துக்கு வர்றவங்க. நான் யாருக்கும் பாரமில்ல. யாருக்கும் பாக்கியுமில்ல.”

“எனக்கு?”

“உனக்குத் தீர்க்கவே முடியாது. அது வேற கணக்கு.”

ஐம்பத்தொரு வருடம் ஒரே படுக்கை. அறை ஒன்றுதான் காலி. நான் வாரத்தில் எத்தனை தடவை பேருந்தில் போவேன்? எதைப் பற்றிப் பேசுவோம், பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு? — எழுத வேண்டாம் இதை.

ஏப்ரல் 15

களைப்பு. வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 27

குடியிருப்புச் சங்கத் தலைவர் மாக்னார் வந்தார். பேருந்து ஓட்டியவர், இன்றும் படிக்கட்டில் ஏறும்போது எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்களா என்று பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. மே ஆறாம் தேதி டூக்னாட், குடியிருப்பே கூடிச் சம்பளமில்லாமல் முற்றத்தைச் சுத்தம் செய்கிற நாள். வழக்கம்போல வீட்டுக்கு ஒருவராவது மண்வாரியோடு முற்றத்துக்கு வரவேண்டும். தேசிய நாளுக்குள் குளிர்கால அழுக்கெல்லாம் போக வேண்டும்.

“ஆனா உங்க ரெண்டு பேருக்கும் இந்த வருஷம் விலக்கு, வாத்தியாரே. கமிட்டியில ஒருமனதா முடிவு பண்ணிட்டோம். நீங்க ஜன்னல்ல இருந்து வேடிக்கை பாருங்க, போதும்.”

அன்பாகத்தான் சொன்னார். யோருனின் முகம் கதவு மாதிரி மூடிக்கொண்டது.

“வராதவங்க கட்டுற அபராதத்த நாங்க கட்டிடறோம்” என்றாள்.

மாக்னாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ப்ரொஃபசர், அந்த அபராதம் வந்தப்ப கூட்டத்துல ஒண்ணரை மணி நேரம் எதிர்த்துப் பேசினது நீங்கதானே. காசு வாங்க ஆரம்பிச்சா வெட்கம் போயிடும், ஆளும் வரமாட்டாங்கன்னீங்க. அப்படியே நடந்துச்சு. மூணாவது மாடிக்காரன் சந்தோஷமா கட்டிட்டு ஸ்பெயினுக்குப் போயிடறான்.”

“அவன்கிட்ட வாங்கறீங்கல்ல. என்கிட்டயும் வாங்குங்க.”

“விலக்கு இருக்கறவங்ககிட்ட வாங்க முடியாதே.”

அவர் போன பிறகு அவளை நாற்காலியோடு ஜன்னல் பக்கம் திருப்பினேன். முற்றத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அபராதம் கட்டுறவன்கூட இந்தக் குடியிருப்பு ஆள்தான். அவன்கிட்ட ஒண்ணு எதிர்பார்த்திருக்காங்க. என்கிட்ட இனிமே யாருக்கும் எதுவும் வேண்டாம்.”

அந்தச் சூப்பால் யோருனுக்கு வந்த கசப்பு எங்கேயிருந்து வந்தது என்று இன்றுதான் எனக்கு விளங்கியது. என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், கால் முடமானவள். எல்லோரும் அவள் பையைத் தூக்குவார்கள். யாரும் அவளிடம் ரப்பர்கூடக் கேட்டதில்லை. ஒருநாள் கணக்கில் ஒருத்தி அவளிடம் சந்தேகம் கேட்டாள். மறுநாளிலிருந்து அவள் பையைத் தானே நீட்ட ஆரம்பித்தாள், இந்தா தூக்கு என்று.

ஏப்ரல் 29

கீழே போய் மாக்னாரைப் பார்த்தேன். யோருனுக்கும் ஏதாவது ஒரு வேலை கொடுங்கள் என்றேன்.

தலையைச் சொறிந்தார். “குடுக்கலாம். வந்தவங்க பேரை டிக் அடிக்கச் சொல்லலாம். ஆனா அது சும்மா குடுத்த வேலைன்னு ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவாங்க வாத்தியாரே. அப்புறம் உங்க பாடும் என் பாடும் என்ன ஆகறது?”

சரிதான். திரும்பி வந்தேன். படியில் இரண்டு தடவை நின்றேன்.

மே 6, புதன்

உடம்பில் இன்னும் கொஞ்சம் தெம்பு இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

நல்ல வெயில். விலக்கை மதிக்காமல் நான் போனேன். குனிய முடியாததால் துடைப்பத்தோடு நின்றேன். குளிர்காலம் முழுக்க வழுக்காமலிருக்கக் கொட்டிய பொடிக்கல்லை எல்லோரும் கூட்டிக் குவித்தோம். வெங்கே என்னைப் பார்த்தாள், தலையாட்டிவிட்டு வேறு பக்கம் கூட்டப் போனாள். யோருன் முதல் மாடிப் பால்கனியில், போர்வைக்குள்.

பனி குவிந்து கிடந்த இடத்தில் புல் முழுக்கச் செத்து வழுக்கையாகிவிட்டது. மாக்னார் புல்விதைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கைநிறைய அள்ளி எறிந்துகொண்டிருந்தார்.

மேலேயிருந்து கைதட்டல் கேட்டது. கத்த முடியாதபோது யோருன் செய்வது. எல்லோரும் நிமிர்ந்தோம். அவள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. வெங்கே பால்கனிக்கு நேர்க் கீழே போய் நின்று கேட்டுவிட்டுத் திரும்பி, முற்றத்துக்கே கேட்கும்படிச் சொன்னாள்: “கோழிக்குத் தீனி போடுற மாதிரி போடுறாராம் மாக்னார். இங்க குவியலாம், அங்க மொட்டையாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். மாக்னாருக்குக் காது சிவந்துவிட்டது. பையைத் தோளிலிருந்து கழற்றி மேலே தூக்கிக் காட்டினார். “அவ்வளவு தெரிஞ்சா வந்து போடச் சொல்லு. பேசறது சுலபம், ப்ரொஃபசர் வேலை மாதிரி.”

மேலேயிருந்து ஒரு கை நீண்டது. கொண்டுவா என்று.

மாக்னாரும் வெங்கே வீட்டு மாப்பிள்ளையும் நாற்காலியோடு அவளைக் கீழே கொண்டுவந்தார்கள். விதைப் பையை மடியில் வைத்தேன். ஒரு பிடி அள்ளிக் கையை நீட்டி அசையாமல் வைத்தாள். அசையாமல் வைத்தால்தான் அவளுக்கு நடுக்கம் வரும். வரட்டும் என்று காத்திருந்தாள். வந்தது. விரலிடுக்கு வழியாக விதை சல்லடையில் விழுகிற மாதிரி மெல்லிசாக, ஒரே சீராக விழுந்தது. நான் நாற்காலியைத் தள்ளத் தள்ள, வழுக்கை முழுவதும்.

“கம்பெனிக்காரன் இதுக்கு மெஷின் விக்கிறான்” என்றார் மாக்னார், உண்மையாகவே பொறாமையோடு.

“வாடகைக்குக் கிடையாது” என்றாள் யோருன்.

பிறகு இடதுபக்க வீட்டார் கேட்டார்கள், ரோஜாப் பாத்திக்குப் பின்னாலும் போட முடியுமா என்று. போட்டோம். என் முதுகு செத்துவிட்டது.

சாசேஜ் சுட்டுத் தின்னும்போது வெங்கே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். யோருனின் மடியில் சிந்தியிருந்த விதையைத் தட்டிவிட்டாள்.

“வெங்கே” என்றாள் யோருன், “அந்த சூப்ப மறுபடி வைப்பியா?”

“எதுக்கு? ஒயின் தீரலையே இன்னும்.”

“அத நீ தனியாவா குடிப்பே?”

மே 8

நகராட்சிக்குத் தொலைபேசினேன். இல்லத்து அறை இப்போதைக்கு வேண்டாம் என்று யோருனே பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்தாள். இலையுதிர்காலத்தில் மறுபடி கேட்பார்களாம். கேட்கட்டும்.

ஜூன் 11

விதைத்த இடமெல்லாம் பச்சை. நான் மூச்சு வாங்க நாற்காலியை நிறுத்திய இடங்களில் மட்டும் கற்றையாக, தாடி மாதிரி வளர்ந்திருக்கிறது. மாக்னார் தினமும் அதைச் சுட்டிக்காட்டி, கோழித்தீனி யார் போட்டது என்று கேட்கிறார்.

யோருனின் இடது காலும் இப்போது சொன்னபடி கேட்பதில்லை. செவ்வாயும் வெள்ளியும் வெங்கே வருகிறாள். தன் பேத்தியின் தத்துவப் பாடத்தை யோருனிடம் கேட்டுக்கொண்டு போய் அவளுக்குச் சொல்கிறாளாம், தப்புத்தப்பாக. நான் அப்போது தூங்குகிறேன். இவ்வளவு தூக்கம் எனக்குள் இருந்தது தெரியாது.

வெங்கே மறுபடி சூப் கொண்டுவந்த நீலப் பானை அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. கழுவித் துடைத்து, கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று இன்று கேட்டேன்.

“இருக்கட்டும்” என்றாள் யோருன்.