சொல்லிட்டுத் தொடு

மாமா,

கையில் இன்னும் கற்பூர வாசனை போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ஆட்டோ கிரீஸ்கூடப் போய்விட்டது, இது போகவில்லை. காலையில் இறந்துபோன ஒருவரின் மய்யித்தைக் குளிப்பாட்டிவிட்டு வந்தேன். ஆமாம், நான்தான். சிரிக்காதீர்கள். "அந்த ஜமாஅத்துல வேற ஆளே கிடைக்கலியா?" என்று நீங்கள் கேட்பது எனக்கு இங்கே கேட்கிறது. உங்கள் மகள் டீயை நீட்டினாள். நான் அதை வாங்காமல் கையை முகர்ந்துகொண்டு நின்றேன். "அத்தா நெனப்பா?" என்று மட்டும் கேட்டாள். டீயை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் சுத்தத்தின் மேல் உங்களுக்கு என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் விருந்துக்கு வந்திருந்தேன். சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஓடிப்போய் முகம் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு ஓடி வந்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்கையைப் பார்த்தீர்கள். அது காய்ந்து கிடந்தது. "மாப்ளே, ஒளு செஞ்சீங்களா, இல்ல தண்ணிக்கு சலாம் சொல்லிட்டு வந்துட்டீங்களா?" என்றீர்கள். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. வாங்க, போங்க, மாப்ளே. அந்த மரியாதையைக் கொண்டே தோலை உரிப்பீர்கள். நானும் பத்தாம் வகுப்புப் பரீட்சையும் ஒரு தடவை முகம் பார்த்துக்கொண்டதோடு சரி, அப்புறம் தம்பானூர் ஸ்டாண்டில் ஆட்டோ. இப்படி ஒருத்தனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்ற கவலையை நீங்கள் என் முழங்கையில் வைத்துத்தான் அளந்தீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு ஒரு கெண்டித் தண்ணீர் போதும். அதன் மூக்கிலிருந்து விழுகிற மெல்லிய தண்ணீரை வைத்துக்கொண்டு விரலிடுக்கு, காது மடல், குதிகால் வெடிப்பு என்று ஓர் இடம் விடமாட்டீர்கள். தரையில் சொட்டிய ஈரம்கூடக் கொஞ்சமாகத்தான் இருக்கும். எனக்கு ஒரு வாளி தண்ணீர் வேண்டும். குளியலறைச் சுவர் முழுக்க நனையும், நான் பாதிதான் நனைவேன். சாலைக் கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரம் விற்றவர் நீங்கள். விற்ற குடத்தைக்கூட ஒரு தடவை கழுவிக் கவிழ்த்து, ஒரு சொட்டும் நிற்கவில்லை என்று பார்த்த பிறகுதான் வாங்கியவர் கையில் கொடுப்பீர்கள்.

அப்படிப்பட்ட நீங்கள், விடியற்காலை சுபுஹுக்கு ஒளு செய்யப் போன இடத்தில் வழுக்கி விழுந்தீர்கள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்தபோது, வலியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டியிருந்த டயப்பரைத்தான் குனிந்து பார்க்க முயன்றீர்கள். குனிய முடியவில்லை. அப்புறம் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அட்டெண்டர் பையன் நல்லவன்தான். அவசரக்காரன். காகிதத் துணியால் துடைத்துவிட்டுப் போய்விடுவான். "மோனே, கொஞ்சம் தண்ணி ஊத்திக் கழுவுப்பா" என்று நீங்கள் கேட்டீர்கள். தண்ணீர் ஊற்றினால் கட்டில் நனையும், சிஸ்டர் திட்டுவார் என்று அவன் பயந்துபோனான். "வெள்ளம் ஒழிச்சால் பெட்டில் வீழும் உப்பா. சிஸ்டர் என்னெ வழக்கு பறயும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தான். உங்கள் மகள் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, "அத்தா, நான் செய்றேன். நீங்க கண்ணை மூடிக்குங்க" என்றாள். நீங்கள் கண்ணை மூடவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். உங்களுக்கு ஆண் பிள்ளை இல்லை. மாமியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது நான் ஒருத்தன்.

பாங்கு சத்தம் அந்த ஜன்னல் வழியாக நன்றாகவே கேட்கும். மத்தியானம் லுஹருக்குக் கேட்டதும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன். அசருக்கும் அப்படியே. மஃரிபுக்கும். இமை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு வேளை விடாத மனிதர் உடம்பில் அசுத்தத்தோடு தொழ மனமில்லாமல் தூங்குவதுபோல் நடிக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நம் புத்தி அவ்வளவு வேகம். அதைவிட மோசம், நீங்கள் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தியிருந்தீர்கள். குடித்தால்தானே போகும்? டாக்டர் வந்து உதட்டைப் பார்த்துவிட்டு எங்களைத்தான் திட்டினார்.

பார்க்க வந்த பள்ளிவாசல் ஹஜ்ரத் பொறுமையாகச் சொன்னார்: "முடியாதவங்களுக்குத் துடைச்சாலே போதும் பாய். தண்ணி இல்லாம தயம்மும் செஞ்சு படுத்துக்கிட்டே தொழலாம். எல்லாம் மார்க்கத்துல கூடும்."

"கூடும்னு எனக்குத் தெரியும் ஹஜ்ரத். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்" என்றீர்கள் நீங்கள். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "மனசு கேக்க மாட்டேங்குது" என்றீர்கள்.

சலுகை எல்லாம் அடுத்தவர்களுக்கு. உங்களுக்கு மட்டும் கிடையாது. அப்படி நினைக்கிறவரிடம் யார் என்ன பேசுவது? எனக்குப் பேசவும் வராது. ஆனால் ஒன்று தெரிந்தது. இப்படியே விட்டால் இடுப்பு சரியாவதற்குள் மனிதர் உள்ளுக்குள் காய்ந்துவிடுவார். வீட்டுக்குப் போய் உங்கள் கெண்டியை எடுத்தேன். ஒரு பேசின் எடுத்தேன். தண்ணீர் கட்டிலில் விழக் கூடாதே என்று, மழைக்கு ஆட்டோவின் பக்கவாட்டில் கட்டுகிற படுதாவையும் கழற்றிக் கொண்டுவந்தேன்.

உங்கள் மகளை வெளியே அனுப்பிவிட்டுத் திரையை இழுத்ததும் உங்களுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம் மாப்ளே."

"தண்ணி சூடாத்தான் இருக்கு மாமா."

"நான் அதைச் சொல்லல. இதுக்கா உங்களுக்கு என் மகளைக் கட்டிக் குடுத்தேன்?"

"வேற எதுக்குக் குடுத்தீங்கன்னு எனக்கும் இன்னிக்கு வரைக்கும் புரியல மாமா."

நீங்கள் சிரிக்கவில்லை. கண்ணில் நீர் கட்டியிருந்தது. வேட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தீர்கள். நான் படுதாவை உங்களுக்குக் கீழே மெல்லத் தள்ளி விரித்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, வேட்டிக்கு அடியில் கையை விட்டேன். உங்கள் உடம்பு மொத்தமும் விறைத்துக்கொண்டது.  அந்தப் பதற்றத்தில் கெண்டியை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் கழுவ ஆரம்பித்துவிட்டேன்.

"டேய்!"

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"வலது கையாலயாடா? சோறு திங்கிற கையாலயா? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமேடா இது!"

"மறந்துட்டேன் மாமா."

"மறந்துட்டானாம். கையை எடு. அந்தக் கையை முதல்ல கழுவு. இப்ப இடது. எங்க தொடுறே? சொல்லிட்டுத் தொடுடா! சும்மா ஐஸ் மாதிரி கையைக் கொண்டாந்து வச்சா மனுசன் பதற மாட்டானா?"

"இடது தொடைப் பக்கம் ஊத்துறேன் மாமா."

"ஊத்து. மெதுவா. ஆட்டோ கழுவுற மாதிரி கழுவாதே!"

வேட்டியைப் பிடித்திருந்த உங்கள் கை எப்போது தளர்ந்தது என்று இருவருக்குமே தெரியாது. கோபம் வந்த வேகத்தில் கூச்சம் எங்கேயோ போய்விட்டது. பத்தாவது படித்தவன் யோசித்துச் செய்த உபாயம் என்று பிற்பாடு உங்கள் மகள் என்னைப் புகழ்ந்தாள். நானும் மறுக்கவில்லை. உண்மையிலேயே எனக்கு எந்தக் கை என்று மறந்துதான் போனது மாமா, இப்போது சொல்கிறேன்.

அப்புறம் ஒளு. வாய், மூக்கு, முகம். என் முழங்கையைப் பார்த்த அதே கண்ணால் உங்கள் முழங்கையை நீங்களே திருப்பித் திருப்பிப் பார்த்து, "இங்க இன்னும் கொஞ்சம் விடு" என்றீர்கள். கட்டிலை மேற்கே திருப்பித் தரச் சொல்லி சிஸ்டரைக் கேட்டேன். "இதினு சக்கரம் உண்டல்லோ, அதினெந்தா!" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள். படுத்தபடியே தலையை அசைத்து அசைத்துத் தொழுதீர்கள். முடித்துவிட்டு, விட்டுப்போன தொழுகைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பித் தொழுதீர்கள். நான் ஈரப் படுதாவைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். எல்லாம் முடிந்ததும், "மாப்ளே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றீர்கள். மறுபடி மாப்ளே, மறுபடி மரியாதை. அந்த டம்ளர் தண்ணீரை நீங்கள் குடித்து முடிக்கும்வரை உங்கள் மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே ஏற்பாடுதான். குளியலறைக்குள் டேய், வெளியே மாப்ளே. சவாரி நடுவில் லுஹருக்கு ஓடி வருவேன். கூட ஓட்டுகிறவர்கள், "என்னடே, வீட்டுல புதுப் பொண்ணா?" என்று கேலி செய்தார்கள். உங்கள் பேத்தி கழக்கூட்டத்து ஆபீசிலிருந்து வந்த ஒரு நாள், பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று நம் சண்டையைக் கேட்டுவிட்டு, "அப்பாவும் அத்தாவும் அகத்து எந்தா மேட்சா?" என்று கேட்டாள். அவளுக்கு நீங்கள் அப்பா, நான் அத்தா. உள்ளே நீங்கள் சிரித்த சிரிப்பில் கெண்டித் தண்ணீர் முழுக்க என் மேல் கொட்டியது. அன்றைக்குத்தான் நான் முழுசாக நனைந்தேன்.

கடைசியாக ஒரு சாயங்காலம், நான் உங்கள் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சாதாரணமாக ஆரம்பித்தீர்கள், கடைக்குப் போய் வா என்பதுபோல.

"நான் கண்ண மூடி மவுத்தானா நீதான் குளிப்பாட்டணும்."

"ஜமாஅத்துல நல்லாத் தெரிஞ்சவங்க இருக்காங்க மாமா. எனக்கு ஒழுங்கா வராதே."

"வராதுதான். எனக்குத் தெரியாதா?" என்றீர்கள். துண்டை என் கையிலிருந்து வாங்கி மீதிக் காலை நீங்களே துடைத்தீர்கள். "ஆனா உங்கிட்ட எனக்குக் கூச்சம் இல்ல" என்றீர்கள்.

என் வாழ்க்கையில் யாரும் எனக்கு இப்படி ஒரு சர்டிபிகேட் கொடுத்ததில்லை.

அந்த நாளும் வந்தது. இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், மேலே மூடிய துணி, கையில் சுற்றிய துணி, கூட ஜமாஅத்து ஆட்கள் இரண்டு பேர். அவர்கள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். வலது பக்கம் முதலில் என்றார்கள். நான் என்னையறியாமல், "மாமா, வலது பக்கம் ஊத்துறேன்" என்றேன். ஒருவர் என்னைப் பார்த்தார். "இப்ப இடது பக்கம் சாய்க்கிறேன் மாமா." அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மற்றவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கற்பூரத் தண்ணீர் வரைக்கும் அப்படியே சொல்லிச் சொல்லித்தான் ஊற்றினேன். எங்கேயாவது ஒரு தப்பு செய்திருப்பேன். என்ன தப்பு என்றுதான் இன்னும் தெரியவில்லை.

அதற்கப்புறம் ஜமாஅத்தில் எங்கே மவுத்து என்றாலும் என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் போகிறேன். எனக்குச் சட்டம் அதிகம் தெரியாது, அதற்கு ஹஜ்ரத் இருக்கிறார். உயிர் போனதோடு ஒரு மனிதருக்குக் கூச்சமும் போய்விடும் என்று மட்டும் என்னால் நம்ப முடிவதில்லை. அதனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், சொல்லிவிட்டுத் தொடுகிறேன்.

இன்று காலையில் குளிப்பாட்டியவர் உங்கள் வயதுக்காரர், மலையாளத்துக்காரர். ஒரே மகன், பெரிய உத்தியோகம், நாற்பது வயதிருக்கும். உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தகப்பனை அந்தக் கோலத்தில் பார்க்க அவருக்குக் கூச்சம். நான் வழக்கம்போல, "வாப்பா, தலைக்கு ஊத்தப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஊற்றினேன்.

"இக்கா, ஆரோடா சம்சாரிக்குன்னே?" என்று, நான் யாரிடம் பேசுகிறேன் என்று புரியாமல், வாசலிலிருந்து அவர் கேட்டார்.

"உங்க வாப்பாகிட்டதான். சொல்லாம தொட்டா அவருக்கு ஒரு மாதிரி இருக்கும்ல?"

அவர் வாசல் நிலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். என் கையிலிருந்த குவளையை வாங்கிக்கொண்டார். குவளையைச் சாய்ப்பதற்கு முன்னால் தகப்பன் காதருகே குனிந்து, மெதுவாக அனுமதி கேட்டார்:

"வாப்பா, ஞான் வெள்ளம் ஒழிக்கட்டே?"