பிரேமாவின் வலது கை

ஸ்கூடாய்,
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகன் லோகேஸ்வரனுக்கு அம்மா எழுதுறது. நானும் உன் அக்கா பிரேமலாவும் இங்க நல்லா இருக்கோம்யா. இந்த ஒரு வரிய எழுத எனக்கு ரெண்டரை மாசம் ஆச்சு, அதனால நிதானமா படி. நீயும் அந்தக் கடல் நடுவுல எண்ணெய்க் கிணத்து மேல காத்துக்கும் குளிருக்கும் பத்திரமா இருப்பன்னு நம்புறேன். இந்தக் கடிதத்த பக்கத்துத் தெரு மனோகரன் சார் மகன் அபர்டீன் வர்றப்ப எடுத்துட்டு வந்து உன் வீட்டுல போடுறேன்னு சொல்லியிருக்கான், நீ கரைக்கு வந்து கதவத் திறக்கும்போது கிடைக்கும். ஏம்மா போன்லயே சொல்லலாமேன்னு நீ கேப்ப. போன்ல ஆரம்பிச்சா பாதியில என் குரல் மாறிடும், நீ பயந்துடுவ, முழுசையும் கேக்கமாட்ட. எல்லாம் நல்லபடியா முடிஞ்சதுக்கு அப்புறந்தான் எழுதுறேன், அத முதல்ல மனசுல வச்சுக்கிட்டு மேல படி.

விஷயம் உன் அக்காவோட கூடைப்பந்து ஆட்டத்துல ஆரம்பிச்சது. ஞாயித்துக்கிழமை காலையில நானும் அவளும் நம்ம தாமான் குடியிருப்புக் கோர்ட்டுக்குப் போறது உனக்குத் தெரியும், அவ தூரத்துக் கோட்டுக்கு வெளிய நின்னு நூறு பந்து போடுவா, நான் ரிங்குக்குக் கீழ நின்னு பொறுக்கிப் பொறுக்கித் திருப்பி எறிவேன். நூத்துக்கு எழுபது எழுபத்தஞ்சு விழும், பதினெட்டு வருஷமா அப்படித்தான். ஏப்ரல்லேர்ந்து அது அறுபதாச்சு, மே மாசம் நாப்பதுக்கு வந்துடுச்சு. பந்து புதுசு வழுக்குதுன்னா, பழைய பந்த எடுத்தோம். கால்ல போடுற சப்பாத்து சரியில்லன்னா, மாத்தினா. பழைய ஆட்டத்து வீடியோவெல்லாம் போட்டுப் பார்த்து முழங்கைய ஒரு வாரம் உள்ள இழுத்து வச்சா, மறு வாரம் வெளிய தள்ளி வச்சா. எனக்குத் தெரிஞ்சவரை முழங்கையிலயும் காலுலயும் ஒரு குறையும் இல்ல, பந்து கையை விட்டுப் போற கடைசி நேரத்துலதான் என்னமோ ஆகுது, முன்னெல்லாம் சுத்திக்கிட்டே வரும், இப்ப சும்மா தூக்கிப் போட்ட மூட்டை மாதிரி வருது. முப்பத்தாறு வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்னு நான் நெனச்சுக்கிட்டேன். அவ டீம் கோச் சியூ லிங்கும் அப்படித்தான் நெனச்சிருக்கா. அவளும் உன் அக்காவும் பதினாறு வயசுல ஒண்ணா ஆடுனவங்க, இருந்தாலும் ஆகஸ்ட்ல லீக் ஆரம்பிக்குது, டீம்ல பன்னெண்டு பேருக்குத்தான் இடம், பொந்தியான் டீமோட ஒரு பயிற்சி ஆட்டம் இருக்கு, அதப் பார்த்துட்டு முடிவு பண்றேன்னு சொல்லிட்டா.

அதுக்கு முந்தின வாரம் ஒரு நாள் விடியக்காலையில அவ சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பும்போது நான் வாசல்ல நின்னுட்டிருந்தேன். மோட்டார்ல உக்காந்து ஹெல்மெட் வாரை மாட்டப் பார்க்கிறா, மாட்ட முடியல. வலது கையால மூணு தடவை முயற்சி பண்ணிட்டு, நான் பார்க்கிறேனான்னு ஒரு பார்வை பார்த்துட்டு, இடது கையால மாட்டிக்கிட்டுப் போயிட்டா. உங்க அப்பாவுக்கும் வலது கையிலதான ஆரம்பிச்சது. லாரி சாவிய திருப்ப முடியலன்னு அவர் இடது கைய நீட்டிச் சாவி போட்டத நான் என் கண்ணால பார்த்தேன். பார்த்துட்டு, தூக்கம் பத்தல, தைலம் தேச்சுக்கிட்டா சரியாப் போயிடும்னு சொன்னவ நான். நாலு மாசம் அதையே சொல்லிட்டிருந்தேன். அந்த நரம்பு நோய்க்கு முன்னாடியே டாக்டர்கிட்ட போயிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு டாக்டருங்க சொன்னாங்க, அது வேற. ஆனா மூணு வருஷம் ஒவ்வொரு விரலா, கையா, காலா, கடைசியில குரலும் போயி அவரே போனத நீயும் பார்த்தியே, உனக்கு அப்ப இருபது வயசு. அந்த வாசல்ல நின்னப்ப அந்த மூணு வருஷமும் மொத்தமா என் முன்னால வந்து நின்னுச்சு. அன்னையிலேர்ந்து அவ சாப்பிடும்போது அவ முகத்தப் பார்க்கல, கையத்தான் பார்த்தேன், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல சதை குறைஞ்சிருக்கான்னு. கேக்கவும் பயம், கேக்காம இருக்கவும் பயம், ஒன்பது நாள் அப்படியே ஓட்டினேன்.

பொந்தியான்ல பதினோரு பந்து போட்டா, ஒண்ணுகூட விழல. சியூ லிங் அவள உக்கார வச்சுட்டு ஒரு சின்னப் பொண்ண இறக்கினா, அந்தப் பொண்ணு நாலு போட்டுச்சு. திரும்பி வரும்போது கார் சாவிய என் கையில குடுத்து நீங்க ஓட்டுங்கம்மான்னா. அவ காரை யாருக்கும் குடுக்கமாட்டா, உனக்கே குடுத்ததில்ல. நான் நாப்பதுல ஓட்டிக்கிட்டு வந்தேன், பின்னால வர்றவனெல்லாம் ஹாரன் அடிக்கிறான். பெக்கான் நானாஸ் ஊரத் தாண்டினதும் அவ ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே, அம்மா, அப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்குன்னு நெனைக்கிறேன்னு சொன்னா. சாதாரணமா, மழை வரும் போலன்னு சொல்ற மாதிரி சொன்னா. நான் அன்னாசி விக்கிற கடை ஓரமா வண்டிய நிறுத்திட்டேன். எப்பலேர்ந்துன்னு கேட்டேன். மார்ச்லேர்ந்து விரல் மரத்துப் போகுது, பந்து எப்ப கைய விட்டுப் போகுதுன்னே தெரியல, கண்ண மூடிக்கிட்டுப் போடுற மாதிரி இருக்குன்னா. ஏண்டி என்கிட்ட சொல்லலன்னு கேட்டதுக்கு, நீங்க இன்னொரு தடவை அதையெல்லாம் பார்க்கக் கூடாதுன்னுதான் சொல்லலன்னா. எனக்கு ஒன்பது நாளா தெரியும்டின்னு நான் சொன்னேன். ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டோம், அவ சிரிச்சுட்டா, நானும் சிரிச்சேன், அந்தக் கடைக்காரம்மா என்ன நெனச்சாங்களோ வெட்டுன பழம் ஒரு பை கொண்டாந்து குடுத்துட்டுப் போனாங்க.

அப்பதான் இன்னொண்ணும் சொன்னா, இதுதான் நீ முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது. மே மாசம் அவ உனக்குப் போன் பண்ணி, எப்படா மொத்தமா ஊருக்கு வரப் போறன்னு கேட்டு, நீ கோவப்பட்டு, நான் இங்க சும்மாவா இருக்கேன், அம்மாவப் பார்த்துக்க முடியலன்னா நேரா சொல்லுன்னு சத்தம் போட்டுட்டு போன வச்சுட்டியே, அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் சரியா பேசிக்கிறதே இல்ல, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. அவ கேட்டது என்னப் பார்த்துக்க முடியாமப் போயிடுமேங்கற பயத்துலய்யா. தன் கை ரெண்டும் போறதுக்குள்ள நீ வந்துடணும்னு கணக்குப் போட்டுக் கேட்டிருக்கா. காரணத்தச் சொல்லாமக் கேட்டது அவ தப்பு. அதுக்காக நீ அவ மேல வருத்தம் வச்சுக்காத.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தேதி குடுத்தாங்க, அதுவரைக்கும் எங்களால இருக்க முடியாதுன்னு ஜேபி டவுன்ல ஒரு நரம்பு டாக்டர்கிட்ட போனோம், டாக்டர் ஹஸ்லினான்னு பேரு, சின்ன வயசுதான், பொறுமையான பொண்ணு. கை முழுக்க ஒட்டு ஒட்டி லேசா கரண்ட் விட்டுப் பார்த்தாங்க, அப்புறம் ஊசிய சதையில குத்திக் குத்திப் பார்த்தாங்க. அப்பாவுக்கு அதே மாதிரி பார்த்தப்ப மிஷின் கரகரன்னு சத்தம் போட்டுச்சு, ஞாபகமிருக்கா, நான் அந்தச் சத்தம் வருதான்னு மூச்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வரல. அப்புறம் டாக்டர் கேட்டாங்க, என்ன வேலை, எப்படிப் போறீங்கன்னு. துவாஸ்ல ஃபேக்டரி, தினம் மோட்டார்ல செகண்ட் லிங்க் பாலம் வழியா, பதினாலு வருஷமான்னா. எல்லைச் செக்கிங்ல எவ்வளவு நேரம் வரிசையில நிப்பீங்கன்னு டாக்டர் கேட்டதுக்கு, சில நாள் ஒண்ணரை மணி நேரம், கிளட்ச்சும் பிரேக்கும் பிடிச்சுக்கிட்டே நிப்பேன்னா. பந்து எப்படிப் போடுவீங்கன்னதும் மேசை மேல இருந்த டிஷ்யூப் பெட்டிய எடுத்துப் போட்டுக் காட்டினா, அது போய் பேஷண்ட் நாற்காலிக்குப் பின்னால விழுந்துச்சு. டாக்டர் சிரிச்சுட்டு, மணிக்கட்டுல நரம்பு போற வழி நெருங்கிப் போச்சு, கட்டை விரலும் அடுத்த ரெண்டு விரலும் அதனாலதான் மரத்துப் போகுது, உங்க பந்து கடைசியா விட்டுப் போறதும் அந்த ரெண்டு விரல்லதான, அதான் காரணம்னாங்க. அப்பாவுக்கு வந்தது வேற, அதுக்கான அடையாளம் ஒண்ணுகூட இல்லன்னாங்க. நான் மலாய்ல ஒரு தடவை கேட்டேன், பிரேமா இங்கிலீஷ்ல ஒரு தடவை கேட்டா, மறுபடி நான் ஒரு தடவை கேட்டேன், மூணு தடவையும் அதே பதில்.

அதுக்கப்புறம் உன் அக்கா என்ன கேட்டா தெரியுமா. லீக்ல ஆட முடியுமான்னு கேப்பான்னு நெனச்சேன். எனக்கு ஒரு தம்பி இருக்கான், தூரத்துல கடல் மேல வேலை செய்யறான், அவனுக்கு வருமான்னு கேட்டா. டாக்டர் அப்பாவோட பழைய ரிப்போர்ட்டையெல்லாம் வாங்கிப் பார்த்துட்டு, குடும்பத்துல முன்னப் பின்ன யாருக்கும் இல்ல, இந்த மாதிரி வர்றது பெரும்பாலும் பிள்ளைங்களுக்குப் போறதில்ல, அதையே நெனச்சுக்கிட்டு வாழ வேணாம்னு சொல்லுங்கன்னாங்க. அந்த வார்த்தைய உனக்கு அப்படியே எழுதணும்னுதான் இத்தனை பக்கம் எழுதுறேன். அன்னைக்குக் கார் நிறுத்தத்துல வந்து நாங்க ரெண்டு பேரும் எந்த மாடியில வண்டிய விட்டோம்னே தெரியாம அரை மணி நேரம் சுத்தினோம், ஒருத்தர் மேல ஒருத்தர் கோவப்படக்கூடத் தோணல.

ஆறு வாரம் மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுக்கிட்டா, ஒரு ஊசி போட்டாங்க, மோட்டார தொடக்கூடாதுன்னுட்டாங்க. இப்ப ஃபேக்டரி பஸ்ஸுல போறா, முன்னைய விட அரை மணி நேரம் முன்னாடியே எழுந்திருக்கணும், பஸ்ஸுல தூங்கிக்கிட்டே போறேன்மா சொகமா இருக்குன்னு சொல்றா. சியூ லிங்க்கிட்ட நேரா போய் நடந்ததச் சொன்னா. அவ அலமாக், ஐயோன்னு தலையில கை வச்சுக்கிட்டு, நான் உனக்கு ஆட்டம் சலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன், இருபது வருஷப் பழக்கத்துல இதக்கூடச் சொல்லலியேன்னு திட்டியிருக்கா. பன்னெண்டாவது பேரா இவ பேர எழுதிட்டா, ஆனா பெஞ்சுலதான் உக்காரணும், கை தேறினா பார்க்கலாம்னு கண்டிஷன்.

போன ஞாயித்துக்கிழமை முதல் ஆட்டம், மூவார் டீமோட. மூணு கால் பங்கு ஆட்டம் முடியற வரைக்கும் உன் அக்கா துண்டு போத்திக்கிட்டு உக்காந்தே இருந்தா. ஏழு நிமிஷம் இருக்கும்போது சியூ லிங் அவளக் கூப்பிட்டா. முதல் பந்து ரிங்கைக்கூடத் தொடல, எதிர் பக்கத்துப் பசங்க சிரிச்சானுங்க. ரெண்டாவது ரிங்குல ரெண்டு சுத்து சுத்தி வெளிய வந்துடுச்சு. சியூ லிங் போடு, நிறுத்தாதன்னு கத்துறா. மூணாவது மூலையிலேர்ந்து போட்டா, சுத்திக்கிட்டே போய் நெட்டு மட்டும் அசைஞ்சுது. எல்லாரும் எழுந்து கத்துறாங்க, அவ யாரையும் பார்க்கல, ஓடிக்கிட்டே தன் வலது கையப் பார்த்தா, விரல மடக்கி நீட்டிப் பார்த்தா. அதுக்கப்புறம் இன்னும் ஒண்ணு விழுந்துச்சு, அஞ்சுக்கு ரெண்டு. டீம் நாலு பாயிண்ட்ல தோத்துடுச்சு. தோத்த பக்கத்துல பல்லக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்த ஒரே ஆளு நான்தான்னு சியூ லிங் கிண்டல் பண்ணினா. வர்ற வழியில பிரேமா, அம்மா, அது விரல் நுனிய விட்டுப் போறது எனக்குத் தெரிஞ்சுதும்மான்னா. கார அவளே ஓட்டினா.

இன்னும் முழுசா சரியாகல, பட்டையப் போட்டுக்கிட்டுத்தான் படுக்கிறா, தேவைப்பட்டா சின்னதா ஒரு ஆபரேஷன் இருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, அதுக்கு நான் பயப்படல. எனக்கு இப்ப இருக்கிற ஒரே கவலை நீதான். அந்தக் குளிருல கை மரத்துப் போகாத நாளே உனக்கு இருக்காது. மரத்துப் போற ஒவ்வொரு தடவையும் நீயும் அப்பாவ நெனச்சிருப்பியோ, எங்ககிட்ட சொல்லாம நீயும் தனியா உன் கையப் பார்த்துக்கிட்டு இருந்தியோன்னு ஒரு வாரமா அதையேதான் யோசிக்கிறேன். இருந்திருந்தா என்கிட்ட மறைக்காமச் சொல்லு. சந்தேகம் இருந்தா அங்கயே ஒரு டாக்டரப் பார்த்துடு. இனிமே இந்த வீட்டுல ஒருத்தருக்காக ஒருத்தர் பயத்த ஒளிச்சு வைக்க வேணாம், நானும் உன்கிட்ட ரெண்டரை மாசம் மறைச்சேன், அதுக்கு என்ன மன்னிச்சுடு.

வேளாவேளைக்குச் சாப்பிடுய்யா, ரொட்டியவே தின்னுக்கிட்டு இருக்காம கரைக்கு வந்தாலாவது சோறு ஆக்கிச் சாப்பிடு. மனோகரன் சார் மகன்கிட்ட சாம்பல் வாழை வத்தலும் மிளகாய்த்தூளும் குடுத்து விட்டிருக்கேன், அவனுக்கும் கொஞ்சம் குடு. நீ நல்ல சுகத்தோட, மனசுல பாரமில்லாம, நீண்ட ஆயுசோட இருக்கணும்னு மாரியம்மாவ வேண்டிக்கிறேன்.

மறந்துடாத, இதப் படிச்சு முடிச்சதும் எனக்குப் போன் பண்ணாத. முதல்ல உன் அக்காவுக்குப் பண்ணு. நான் உனக்கு எழுதினது அவளுக்குத் தெரியாது, நீ கூப்பிடுவியான்னு அவளும் கேக்கமாட்டா, ஆனா உன் பேரு போன்ல வந்தா அவ எந்த வேலைய விட்டுட்டும் எடுப்பா.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா
ராஜம்மா காளியப்பன்