இரண்டு திமில்கள்

மார்ச் 4

அன்புக் குருவிக்கு,

உன் மகளுக்கு இருமல் விட்டதா? போனில் கேட்டால், "நல்லா இருக்கேன் பெரியம்மா" என்று வெட்டிவிடுகிறாள். வாய் அப்படியே உன் வாய்.

ஒரு விஷயம், உட்கார்ந்து படி. உன் கட்டுரையில் இருக்கும் அதே கேஜ் புல மாதிரியை இன்னும் அதிகப் புள்ளிகள் கொண்ட பெரிய கட்டக்கூட்டில் வைத்துக் கணினியில் ஓட்டினேன். புள்ளிகளுக்கு இடையிலான இணைப்புகளின் வலிமையைத் தாறுமாறாகக் கலைத்துவிட்டாலும், நிலைமாற்றம் தண்ணீர் உறைவதுபோலத் திடீரென்றுதான் நடக்கும் என்று எழுதியிருந்தாய். ஆற்றல் வரைபடத்தில் நிலைக்கு ஒன்றாகத் தனித்தனியே தெரிந்த இரண்டு திமில்கள்தான் சாட்சி. ஆனால் கூடு பெரிதாக ஆக, அந்தத் திமில்கள் நெருங்கி ஒன்றாகிவிடுகின்றன. திடீர் என்பதே இல்லை. மெல்ல மெல்லத்தான் மாறுகிறது. நான் எங்காவது சொதப்பியிருக்கிறேனா, பார்த்துச் சொல்லடி.

உன் ஒட்டடைக்குச்சி

மார்ச் 15

ஒட்டடை,

இருமல் தேவலை. கணக்கை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருக்கிறது.

நிரந்தர வேலைக்கு மே மாதம் நேர்காணல். அவர் எங்களை விட்டுப் போன பிறகு இந்தத் தற்காலிக வேலையில்தான் நானும் அவளும் காலம் தள்ளுகிறோம். தேர்வுக் குழுவிடம் காட்ட என்னிடம் இருப்பது அந்த ஒரு கட்டுரைதான். மே முடியும்வரை வாயைத் திறக்காதே. உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தாவில் யார் படுத்துக் கிடந்தது என்று சொல்லிக்காட்ட மாட்டேன். சொல்லிவிட்டேன், பார்.

குருவி

ஏப்ரல் 20

குருவி,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய்.

போன வாரம் நான் பேசிய கருத்தரங்கில் ஒரு மாணவி எழுந்தாள். உன் முடிவை வைத்துத்தான் ஆய்வைத் தொடங்கப்போகிறாளாம். "அதை நம்பி இறங்கலாமா மேடம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். இறங்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை. "வேண்டாம்மா" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். பெரிய கூட்டின் வரைபடத்தைக் காட்டிவிட்டேன். உன் தேர்வுக் குழுக்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நன்றாகத் திட்டியாவது எழுது. விடுமுறைக்கு இரண்டு பேரும் வாருங்கள். மாடி அறை சும்மாதான் கிடக்கிறது.

ஒட்டடை

ஜூன் 9

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதங்கள் கிடைத்தன. பெரிய கூட்டில் நானே ஓட்டிப் பார்த்தேன். திமில்கள் ஒன்றாகிவிடுகின்றன. தங்கள் கணக்கு சரி. என் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இதழுக்கு எழுதிவிட்டேன். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

பெரியம்மா வீட்டுக்கு எப்போது போகிறோம் என்று மகள் கேட்டாள். உங்களுக்கு வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தற்காலிக விரிவுரையாளர்,
இயற்பியல் துறை