தொட்டி விளக்கின் எண்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், அந்த நம்பிக்கை பொய்யாகிவிடக் கூடாது. போனை நீ எடுப்பதில்லை, அதனால் காகிதத்துக்கு வந்துவிட்டேன். நீ கடைசியாகப் பேசி இன்றோடு எழுபத்திரண்டு நாள். வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கைக்கு நாளை எண்ணாமல் இருக்கத் தெரியவில்லை. உன்னோடு அறையில் தங்கியிருந்த நண்பரை அக்கா எப்படியோ தேடிப் பிடித்துவிட்டாள். உங்கள் பிரிவையே கம்பெனி மூடிவிட்டது என்றும், தான் வேறு ஊருக்குப் போய்விட்டதாகவும், நீ அதே அறையில்தான் இருப்பாய் என்று நினைப்பதாகவும் சொன்னாராம். நினைக்கிறாராம், அவ்வளவுதான். அக்கா விடுப்புக் கேட்டிருக்கிறாள், கிடைத்தால் அடுத்த மாதக் கடைசியில் அங்கே வருவாள். அதுவரை நாங்கள் எப்படி உட்கார்ந்திருப்பது, சொல்.

வேலை போனதை நீ எங்களிடம் சொல்லாததற்குக் காரணம் நான்தான். கடைசியாகப் பேசியபோது, வேலை கொஞ்சம் ஆட்டமா இருக்குப்பா என்று நீ ஆரம்பித்தாய். நான் வழக்கம்போல ஓர் உதாரணத்தை எடுத்துவிட்டேன், என்னிடம் படித்த ஒருவன் ஒரே இடத்தில் பதினைந்து வருடம் காலூன்றி நின்ற கதை. சரிப்பா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். பசிக்குதுன்னு பிள்ளை வந்தாலும் நீங்க தட்டுல உதாரணத்தைத்தான் வைப்பீங்க என்று அம்மா அன்றைக்கே சொன்னாள். அவள் சொன்னது சரி. முப்பத்துமூன்று வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவன், என் பிள்ளையிடம் என்னடா ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது உயிர்ப்பவளம் வளர்க்கிற அந்தக் கடல்நீர்க் கண்ணாடித் தொட்டி விஷயம். போன விடுமுறையில் கூடத்தில் அதை வைத்துக் கொடுத்தபோது நீ படித்துப் படித்துச் சொன்னாய், முதல்முறை வளர்க்கிறவங்களுக்கு மெத்துன்னு இருக்கிற பவளம்தான் சரிப்பா, கொம்பு மாதிரி கிளை விடுற கல்பவளம் முதல் வருஷம் வேண்டவே வேண்டாம், அதுக்கு வெளிச்சம் நிறைய வேணும், தண்ணில உப்பு கொஞ்சம் பிசகினாலும் தாங்காது என்று. காளான் பவளமும் பொத்தான் பவளமும் தோல் பவளமும் நீ பொறுக்கி எடுத்தவை. விளக்கும் உன் தேர்வு, நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும்படியானது. நான் எதையாவது தட்டிக் கெடுத்துவிடுவேன் என்று அதை உன் போனோடு இணைத்து வைத்துக்கொண்டாய். வெளிச்சத்தை முப்பது சதவீதத்தில் தொடங்கி, ஊருக்குப் போன பிறகும் அங்கிருந்தே வாரத்துக்கு இரண்டு மூன்றாக ஏற்றி நாற்பதில் நிறுத்தினாய். புதுப் பையனை முதல் நாளே கரும்பலகைக்குக் கூப்பிடக் கூடாது என்பது போலத்தானே என்று கேட்டேன், அதேதாம்பா என்று சிரித்தாய்.

நீ பேசாமல் போன ஐம்பதாவது நாள் எனக்கு ஒரு புத்தி வந்தது, கெட்ட புத்தி. திட்டுவதற்காவது வாயைத் திறப்பாய் என்று, நீ வேண்டாமென்ற கல்பவளத்தையே வாங்கி வந்து தொட்டியில் வைத்துப் படம் அனுப்பினேன். நீ திட்டவில்லை. ஆனால் மறுநாள் காலை விளக்கின் விளிம்பில் நாற்பது என்றிருந்த எண் எண்பத்தைந்து ஆகியிருந்தது. பாத்துட்டான், படத்தைப் பாத்துட்டான் என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, வாரத்துக்கு இரண்டு மூன்று என்று ஏற்றுகிறவன் நீ, கல்பவளத்துக்காக ஒரே நாளில் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றியிருக்கிறாய் என்றால் உன் கை எந்த நிலையில் இருந்தது, மனம் எந்த நிலையில் இருந்தது. அதற்குப் பிறகு இருபத்தொரு நாளாக அந்த எண் அசையவில்லை.

காளான் பவளம் சுருங்கி வெளுத்தது. அழுக்கு போய்ச் சுத்தமாகுது என்று அம்மா முதலில் சந்தோஷப்பட்டாள். பவளம் விற்ற கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, சுத்தமாகலீங்கம்மா, வெளிச்சம் தாங்காம, உடம்புக்குள்ள இருந்து தனக்குச் சோறு போடுற பாசியையே வெளியே தள்ளிடுச்சு, இப்போ பட்டினி கிடக்குது என்றார். கல்பவளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், விளக்கை இறக்கச் சொல்லி உனக்கும் ஒன்பது செய்தி அனுப்பினேன். விளக்குக்குப் பின்னால் ஒரு பொத்தான் இருக்கிறதாம், பத்து எண்ணுற வரைக்கும் அமுக்குங்க ஐயா, பழைய போனை விட்டுட்டு உங்க போனுக்கு வந்துடும் என்றார். விரலைக் கொண்டுபோனேன். அம்மா மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள், அதையும் அறுத்துட்டா நமக்கு வேற என்னங்க இருக்கு என்றாள். ஜன்னலுக்கு வாங்கிய கொசுவலையை இரண்டாக மடித்துத் தொட்டிமேல் போட்டிருக்கிறோம். பொத்தான் பவளத்தில் இரண்டு மட்டும் இன்னும் விரிகின்றன. காலை எட்டரைக்கு விளக்கு எரிந்ததும் அம்மா, எந்திரிச்சுட்டான் என்கிறாள். பள்ளிக்கூட மணி மாதிரி அது குறித்து வைத்த நேரத்துக்குத் தானே எரிகிறது, நீ இருந்தாலும் எரியும், இல்லாவிட்டாலும் எரியும். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேலை போனால் போனது வேலைதான் தம்பி, நீ இல்லை. அறை ஜன்னலைத் திறந்து வை, வேளைக்கு எதையாவது சாப்பிடு. திரும்பி வருவதானாலும் வா, அங்கேயே இன்னும் கொஞ்ச நாள் பார்ப்பதானாலும் பார், கேள்வி கேட்க மாட்டேன், உதாரணமும் சொல்ல மாட்டேன். பேச வேண்டாம், எழுத வேண்டாம். அந்த விளக்கை முப்பதுக்கு இறக்கு, அது போதும், எங்களுக்குப் புரிந்துவிடும்.

நீ நன்றாக இருக்கவேண்டும், நீண்ட நாள் இருக்கவேண்டும் என்று இருவருடைய ஆசியும்.

உன் அப்பா

பி.கு. இது அம்மா பார்க்காமல் எழுதுவது. இறக்க மனம் வரவில்லை என்றால் ஏற்று. நூறுக்கே ஏற்று. இருக்கிற பவளம் அத்தனையும் வெளுத்துப் போகட்டும், எனக்கு அந்த எண் மாறவேண்டும்.