மூட்டுப் பிரித்த கைலி

இன்றைக்கும் பொழுது சாய்வதற்கு முன்பே கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றதும் வழக்கம்போல உன் கைலியை வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கழுத்தில் போட்டுக்கொண்டேன். எத்தனை முறை துவைத்தாலும் நனைந்தவுடன் அதிலிருந்து உன் கடையின் கஞ்சி வாடை எழும்புகிறது. ரங்கூன் லான்மடாவில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அடுக்கி வைத்த புதுக் கைலிகளுக்கு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பாயே, அந்த வாடை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு ஒன்று என்னிடம் இருந்தது. நேற்றோடு அதுவும் போயிற்று.

இது இப்போது கைலியே இல்லை. மூட்டிய தையலை நீதான் பிளேடால் பிரித்து நீளத் துணியாக்கிக் கொடுத்தாய். "தலைப்பா கட்டிக்க, மாப்ளே. அரபிக்காரன் தோத்துருவான்" என்றாய். நீயும் உன் மகனும் நானும் ராஜஸ்தான் போய் ஒட்டகத்தின் மேல் பாலைவனம் பார்ப்பதாகப் பேச்சு. கல்லூரி நாட்களில் டீக்கடை முக்காலியில் உட்கார்ந்து மணல்மேடு எப்படி நகர்கிறது என்று நான் உன்னிடம் மணிக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளும் நீ காது கொடுத்ததில்லை. என்னிடம் வாங்கிப் போன அட்லஸை முப்பது வருடமாகத் திருப்பித் தரவில்லை, அதைத் திறந்தாவது பார்த்தாயா தெரியாது. அப்படிப்பட்டவன் தானாக வந்து "பாலைவனம் போவோமா?" என்றபோது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. பட்டாள ஆட்சிக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிக் கல்லூரி வேலையை இழந்துவிட்டு, தின்கன்ஜூனில் டியூஷன் சொல்லி வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த நிலையில் இருப்பவனிடம் யாராவது ஒரு பயணத்தைப் பற்றிப் பேசினால் போதும்.

உன் மகனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். பேட்டைக்குப் பேட்டை பெயர் குலுக்கினார்கள். வேலைக்கென்று வெளிநாடு கிளம்பிய பையன்களை விமான நிலையத்திலிருந்தே திருப்பினார்கள். சுற்றுலா என்று சொன்னவனையும் ஓரமாக நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். உனக்கு ஒரு பொய் தேவைப்பட்டது, யார் கிண்டினாலும் கலையாத பொய். அதற்கு உடுப்பு எடுக்க நான் கிடைத்தேன். இதெல்லாம் உனக்கும் உன் மனைவிக்கும் மகனுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

நான் எவ்வளவு அக்கறையாகத் தேடினேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? முதல் சண்டை கால்சட்டைக்கு.

"கைலியோடயே ஏறிட்டா என்ன? பகான் பக்கம் கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் பனையே ஏறுறான்."

"பனை நகராது. ஒட்டகம் ஆட்டி ஆட்டி நடக்கும். காலை அகட்டி உக்காரணும். மதியத்துக்குள்ள தொடை உரிஞ்சு போயிரும்."

"அப்ப ஜீன்ஸ் போடட்டும்."

"அதோட உள்தையல் தடிப்பு. அதுவே அறுக்கும். லூசா, பருத்தியில, கணுக்கால் வரைக்கும் வேணும். உள்ள இறுக்கமா ஒரு அரைக்கால் சட்டை."

"உனக்கு எத்தனை ஒட்டகம் பழக்கம், மாப்ளே?"

உன் மகன் கைலிக் கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு நிஜமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

நடைபாதையில் குவித்து விற்கும் பழைய துணிகளைக் கிளறி மூன்று குளிர்ச்சட்டைகள் எடுத்தேன். "மணல்ல என்னடா குளிரு? இதைப் போட்டா ரங்கூன்ல நான் கொழுக்கட்டையா வெந்துருவேன்" என்றாய். மணல் சூட்டைப் பிடித்து வைக்காது, பொழுது இறங்கினால் பல் கிட்டித்துவிடும் என்று விளக்கினேன். நீ சக்கரம் வைத்த பெட்டி வாங்கப் போனபோது தடுத்தேன். சேணத்தில் கட்ட வேண்டும், மெத்தென்ற பைதான் வேண்டும். சப்பாத்து ஒரு அளவு பெரிதாக, இரண்டு காலுறை போட்டுக்கொள்ளும்படி. ரப்பர் செருப்பு கூடவே கூடாது. கண்ணுக்குத் தூசி புகாத கண்ணாடி. தாடைக்குக் கீழே கயிறு கட்டும் தொப்பி. இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும் என்பதற்காக நெற்றி விளக்கு. முதுகில் மாட்டும் தண்ணீர்ப்பை. என் பங்குக்கு நானே கொடுத்தேன். நீ தருவதாகச் சொன்னாய், நான் வாங்கிக்கொள்ளவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

திஞ்சான் தண்ணீர்த் திருநாள் வந்தது. அதுதான் இந்த ஊரின் உச்ச வெயில், அதனால் உடுப்பைப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்றாய். மூன்று பேரும் முழு அலங்காரத்தில், தலையில் உன் கைலிகளைச் சுற்றிக்கொண்டு, உச்சி வேளையில் ஆற்றங்கரை வரை நடந்தோம். பழைய ஆட்டம் பாட்டம் எதுவும் இல்லை. பெரும்பாலான வீடுகள் பூட்டியே கிடந்தன. உன் சந்து முனையில் மட்டும் ஒரு பர்மிய அம்மாள் கிண்ணமும் தழையுமாக நின்றுகொண்டிருந்தார். நம்மைப் பார்த்துவிட்டு, கூத்துக்காரர்கள் என்று நினைத்தாரோ என்னவோ, சிரிக்காமல் ஒவ்வொருவர் தோளிலும் பணிவாகத் தண்ணீர் ஊற்றினார். அதற்குப் பிறகு மாடியிலிருந்து ஒரு வாளி முழுசாக வந்தது.

"பாத்தியா, பாலைவனத்துக்குப் போறவனுக்கு ஊரே தண்ணி தெளிச்சு விடுது" என்றாய். சொல்லிவிட்டு உன் மகனின் முகத்தைப் பார்த்தாய். பிறகு சிரிக்கவே இல்லை. நனைந்த பருத்தி காய எவ்வளவு நேரமாகிறது என்று நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே "அடுத்த மாசம் கிளம்பிருவோம்" என்றாய். உன் மேல் எரிந்து விழுந்தேன். மே மாதத்தில் அங்கே ஒட்டகக்காரனே வெளியில் வரமாட்டான், குளிர்காலம் வரை பொறு என்றேன். நீ வாதாடவில்லை, உன் உதடுதான் உலர்ந்து போயிற்று. பருவம் தப்பிய கதையை விமான நிலையத்தில் இருப்பவன் பிடித்துவிடுவான் என்று உனக்கும் தோன்றியிருக்க வேண்டும். குளிர்காலம் வரை காத்திருந்தாய். அத்தனை மாதமும் பெயர் குலுக்கும் நாட்களில் கடையைத் திறக்காமல் மேலே வீட்டிலேயே கிடந்தாய். உடம்பு சரியில்லை என்று நினைத்து நான் கஞ்சி கொண்டு வந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மே மாதத்துக்கு வேறு கதை கட்டித் தந்திருப்பேன். எனக்குத் தெரிந்த நாடுகளுக்கா பஞ்சம்?

மழைக்காலம் முழுக்க உன் மகனுக்குப் பாடம் நடந்தது. அவனே கேட்டான் என்பதால் எனக்குப் பெருமை. பர்மியர்கள் வாத்தியாரை அழைப்பதுபோல அவனும் என்னை ஸயா என்றுதான் கூப்பிடுவான். "ஏன் முழுக்கை, ஸயா? வெயில்ல அரைக்கை நல்லதில்லையா?" என்பான். வியர்வை உடம்பிலேயே நிற்க வேண்டும், வெயில் நேராகத் தோலில் விழக்கூடாது என்பேன். ஒரு தடவை சொன்னதை மறு தடவை அவன் எனக்கே ஒப்பித்தான். முப்பது வருட உத்தியோகத்தில் அப்படி ஒரு மாணவன் எனக்குக் கிடைத்ததில்லை.

என் பாஸ்போர்ட்டுக்கு ஆள் பார்த்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். "யா பாடே, ஆயிரும் மாப்ளே" என்று முதுகில் தட்டுவாய். அப்படி ஒரு ஆளே இல்லை. என்னைப்போல எதிர்த்து வேலையை விட்டவர்களுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கமாட்டார்கள் என்று உனக்கு முதல் நாளே தெரியும். கிளம்புவதற்கு முந்தின வாரம், "நாங்க முன்னால போறோம். நீ அடுத்த வருஷம் வா" என்றாய். மிங்கலாடோன் விமான நிலையம் வரை வழியனுப்ப வந்தேன். உன் மகன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். விடுமுறைக்குப் போகிறவன் எதற்குக் காலைத் தொடுகிறான் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

நீ மட்டும் திரும்பி வந்தாய். மகன் அங்கே ஏதோ படிப்பில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாய். வாழைப்பழம் வாங்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தபோது நீ சந்தையிலிருந்து அப்போதுதான் வந்தாய். ஐந்து மாடியையும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறினாய். மேலே போய் உட்கார்ந்து ஒட்டகக் கதை சொன்னாய். அது எழும்போது பின்னங்காலை முதலில் தூக்கும் என்றாய், மணலில் படுத்து நட்சத்திரம் பார்த்தோம் என்றாய். அவ்வளவும் நான் உனக்குச் சொன்னது, என் வார்த்தை மாறாமல்.

"காலு வலிக்கலையா?" என்று கேட்டேன்.

"லேசா."

"ஒட்டகம் ஏறினவன் ஒரு வாரத்துக்குப் படி ஏறமாட்டான். அந்தப் பையைக் கொண்டா."

நீ எழுந்திருக்கவில்லை. நானே எடுத்துத் திறந்தேன். குளிர்ச்சட்டை நான் மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது. சப்பாத்தின் அடிப்பக்கம் கடையில் வாங்கினபடியே இருந்தது. தையலை விரல் விட்டுத் தடவினேன், ஒரு பொடி மணல் இல்லை.

உள்ளறையில் உன் மனைவி படுத்திருந்தாள். வாரத்தில் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டியவள். அவளை விட்டுவிட முடியாமல்தான் நீ திரும்பி வந்தாய். அவள் குரல் மட்டும் வந்தது. "அண்ணே, கோவிக்காதீங்க."

நீ கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாய். "ஏர்போர்ட்ல கேள்வி கேட்டவன் பையைக் கொட்டிட்டான், மாப்ளே. கைலியைத் தூக்கிப் புடிச்சு இது எதுக்குன்னான். நம்ம பையன் நீ சொல்லிக் குடுத்த மாதிரியே மளமளன்னு சொல்றான். ராத்திரி அம்புட்டுக் குளிருமான்னு அவன் ஆசையாக் கேக்குறான். இவன் அதுக்கும் விளக்கம் சொல்றான். கடைசில சிரிச்சுக்கிட்டே போகச் சொல்லிட்டான்."

"என்கிட்ட சொல்ல என்ன?"

"நீ நம்பினதாலதான் அந்தக் கேட்டவனும் நம்பினான். உனக்குப் பொய் சொல்ல வராது. கல்லூரில ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா வேலை இருந்திருக்கும். அதையே போடாதவன் நீ."

அதைப் புகழ்ச்சி என்று நினைத்துச் சொன்னாய். வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். பிறகு உன்னோடு பேசவில்லை. நீ இரண்டு முறை ஆள் அனுப்பினாய். நான் வரவில்லை.

பட்டாளத்துக்கு ஆள் எடுப்பவர்கள் மகன் எங்கே என்று கேட்டு உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். போவாய், நாள் முழுக்க உட்கார வைப்பார்கள், திரும்பி வருவாய். இதெல்லாம் மற்றவர்கள் சொல்லி என் காதுக்கு வந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் அங்கிருந்து வந்து படியேறும்போது மூன்றாம் மாடியில் உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. அந்தக் குறுகிய படிக்கட்டில் உன்னை இறக்க நான்கு பேர் சிரமப்பட்டோம், அதில் நானும் ஒருவன். உன் மகன் வேறொரு நாட்டிலிருந்து போனில் அழுதான். எந்த நாடு என்று எழுதமாட்டேன். அவன் இன்றுவரை ஒட்டகத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

மன்னித்துவிட்டேன் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் பங்கு உடுப்பு ஒரு நாள்கூடப் பாலைவனத்தைப் பார்க்காமல் இந்த ஊரிலேயே உழைத்தது. இருட்டில் விளக்கு, பம்பு ஓடாத நாட்களில் தண்ணீர்ப்பை, புழுக்கத்துக்கு உன் கைலி. ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது உன்னைத் திட்டியிருக்கிறேன்.

நேற்று உன் மனைவியின் தங்கை மகன் வந்தான். இருபது வயது. தமிழைவிடப் பர்மியம்தான் அவன் நாவில் ஓடுகிறது.

"ஸயா, பெரிம்மா அனுப்பினாங்க. நான் டூர் போறேன். ஒட்டகம். உங்ககிட்ட உடுப்பு இருக்குன்னு சொன்னாங்க."

"எப்ப?"

"நாளன்னைக்கு."

கோடை இது. "இந்த மாசத்துல ராஜஸ்தானுக்கு எவனும் போகமாட்டான்" என்றேன். பையனின் உதடு உலர்ந்தது. அந்த உலர்ந்த உதட்டை நான் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

"லடாக்குன்னு ஒரு இடம் இருக்கு. மலை மேல மணல். கோடையிலதான் அங்க போவாங்க. ரெட்டைத் திமில் ஒட்டகம். சொல்லு."

"லடாக். ரெட்டைத் திமில்."

உட்காரவைத்து நிறையச் சொல்லிக் கொடுத்தேன். சப்பாத்து அவனுக்குப் பொருந்தியது. குளிர்ச்சட்டை தோளில் கொஞ்சம் பெரிது, பரவாயில்லை. பையை நானே மடித்து அடுக்கி, மேலே விளக்கை வைத்தேன். எங்கே போய் இறங்குவாய், எப்போது திரும்புவாய் என்று கேட்கவில்லை. அவன் ஊர் சுற்றத்தான் போகிறான் என்பதுபோலவே பேசினேன். எனக்கும் அது வருகிறது, பார்த்துக்கொள்.

கிளம்பும்போது கொடியில் கிடந்த உன் கைலியை எடுக்கப் போனான். "அதை வை" என்றேன். "பெரிம்மாகிட்ட கேளு, கடைச்சரக்கு மிச்சம் இருக்கும். பிளேடை வெச்சு மூட்டுத் தையலை மட்டும் பிரிக்கணும், துணில கீறல் விழாம."

வாசலில் நிறுத்தி, "ஏன் முழுக்கை?" என்று கேட்டேன். தடுமாறாமல் சொன்னான்.

நாளைக் காலை அவன் மிங்கலாடோனில் நிற்பான். மெழுகுவத்தி அடிக்கு வந்துவிட்டது. கைலி காய்ந்துவிட்டது, மறுபடி நனைக்க வேண்டும். உன் மேல் இருக்கும் கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதையும் இந்தக் கைலியையும் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.